யார் வீட்டுத் தாத்தா?

உங்கள் வரவேற்பறையின் நடுவில் நின்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள். அங்கே இருக்கிற சாமான்களில் நீங்கள் கடையில் வாங்காதது எத்தனை? தாத்தா உட்கார்ந்த நாற்காலி, அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கு, அத்தை பின்னிய ஒயர் கூடை... இப்படி எத்தனை தேறும்?

பல வீடுகளில் ஒன்று, இரண்டு. சில வீடுகளில் சைபர்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தோம். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறினோம். ஒவ்வொரு முறை வண்டியில் சாமான் ஏற்றும்போதும், 'இதை வேற எதுக்குத் தூக்கிக்கிட்டு?' என்று எதையாவது கழித்துக்கொண்டே வந்தோம். கடைசியில் லோன் போட்டு ஒரு ஃப்ளாட் வாங்கி, கிரகப்பிரவேசம் முடித்து நிமிர்ந்து பார்த்தால், நம் வீடும் எதிர் வீடும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. அதே சோபா, அதே டி.வி. யூனிட், அதே ஃபால்ஸ் சீலிங், மூலையில் அதே புத்தர் தலை.

அப்போதுதான் அந்த வார்த்தை காதில் விழுகிறது. கேரக்டர்! 'வீட்டுக்கு ஒரு கேரக்டர் வேணும் சார்' என்கிறார் இன்டீரியர் டிசைனர். நாலு பழைய பொருளை வாங்கி வைத்தால் அது வந்துவிடும் என்று வழியும் சொல்கிறார்.

அந்த வழி பெரும்பாலும் காரைக்குடிக்குப் போகும். முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன இடம். பர்மா தேக்குத் தூண், சித்திர வேலை செய்த நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, கடல் தாண்டி வந்த எனாமல் பாத்திரங்கள், ரவிவர்மா அச்சுப்படங்கள், பித்தளை கூஜா, மரக்கால், படி என்று கண் நிறையப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குச் சென்னையிலேயே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. 1985-ல் தீயில் போகும்வரை மூர் மார்க்கெட் இருந்தது.

இந்த மாதிரிக் கடைகளில் இன்னொரு சரக்கும் கிடைக்கும். சட்டம் போட்ட பழைய போட்டோக்கள். தலைப்பாகையும் கோட்டுமாக ஒரு பெரியவர். பக்கத்து நாற்காலியில் கால் தரைக்கு எட்டாத சின்னப் பெண், அவர் மனைவி. யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைத்த படம். இன்று அது ஒரு ரெஸ்டாரன்ட் சுவரில், மஞ்சள் விளக்குக்குக் கீழே தொங்குகிறது.

"இவர் யாருங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

"தெரியாது சார். லுக் நல்லா இருந்துச்சு, வாங்கி மாட்டிட்டோம்."

என் கேள்வி இதுதான். இன்னொருத்தர் வீட்டுத் தாத்தாவைக் காசு கொடுத்து வாங்கி நம் சுவரில் மாட்டிக்கொள்ளலாமா? சட்டப்படி இதில் தப்பு இல்லை. விற்றவர் விற்றார், வாங்கியவர் வாங்கினார். ஆனாலும் மனசுக்குள் எங்கேயோ உறுத்துகிறது, இல்லையா? ஏன் உறுத்துகிறது?

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த வழியில் யோசிக்கிறேன். கணக்குப்பதிவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம். 10,000 ரூபாய்க்கு ஒரு மேஜை வாங்குகிறீர்கள். வருஷத்துக்கு 10 சதவீதம் தேய்மானம். ஒரு முறைப்படி வருஷா வருஷம் 1,000 ரூபாய் கழித்துக்கொண்டே வந்தால் பத்தாவது வருஷம் மேஜையின் மதிப்பு பூஜ்யம். இன்னொரு முறையில், மிச்சமிருக்கும் மதிப்பில்தான் 10 சதவீதம் கழிப்பார்கள். 10,000 என்பது 9,000 ஆகும். பிறகு 8,100. பிறகு 7,290. இப்படிக் குறைந்துகொண்டே போகும். ஆனால், எத்தனை வருஷம் ஆனாலும் பூஜ்யத்தைத் தொடாது.

குடும்பத்துப் பொருட்கள் இந்த இரண்டாவது ரகம். சந்தையில் விலை போகாது. ஆனால், உள்ளே ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பொருள் யாருடையது என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கும்வரை.

பழம்பொருள் கடையில் நடப்பது வேறு ஒரு கணக்கு. அங்கே வயசு ஏற ஏற விலையும் ஏறுகிறது. ஆனால், வாங்கும்போது அந்த மிச்சம் நம் கைக்கு வருவதில்லை. பொருள் வருகிறது, பில் வருகிறது, கதை வருவதில்லை.

நம் ஊரில் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற பழக்கம் உண்டு. சீர் பாத்திரங்களில் பெண்ணின் பெயரையோ இனிஷியலையோ புள்ளி புள்ளியாகக் கொத்தித் தருவார்கள். பழைய கூஜாவைத் திருப்பிப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே இரண்டு மூன்று எழுத்து இருக்கும். ஒரு காலத்தில் ஒருத்திக்கு இந்த உலகத்தில் 'என்னுடையது' என்று சொல்ல இருந்தது ஒருவேளை அது மட்டும்தான். பளபளப்பு ஏற்றுகிறேன் என்று பாலீஷ் போடும்போது முதலில் மங்குவது அந்த எழுத்துதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா? நம் பாட்டியின் அண்டாவையும் குடத்தையும் நாமேதான் பாத்திரக்கடையில் எடை போட்டுக் கொடுத்து எவர்சில்வர் வாங்கினோம். 'பித்தளையை யார் புளி போட்டுத் தேய்க்கிறது?' என்று கேட்டோம். இன்று வேறு யாரோ ஒரு பாட்டியின் அண்டாவை அதைப்போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கி வந்து, அதில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுகிறோம். நம் பாட்டிக்கு எடை விலை. அடுத்தவர் பாட்டிக்கு ஆன்ட்டிக் விலை!

சரி, இந்தக் கடைகளே கூடாதா? அப்படியும் சொல்லிவிட முடியாது.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் தொழில் செய்து கட்டிய வீடுகள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கே இருந்த தொழில் ஆட்டம் கண்டது. 1960-களில் பர்மா அரசு எல்லாவற்றையும் தேசியமயமாக்கியபோது மிச்சமும் போயிற்று. இந்தப் பக்கம் வீடுகள் மட்டும் நின்றன. ஒரு வீட்டுக்கு இன்று எத்தனையோ பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது? தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற வீட்டுக்கு வெள்ளையடிக்கவே லட்சக்கணக்கில் ஆகும். வேறு வழியில்லாமல் இடிக்கிறார்கள். இடித்த வீட்டின் தூண் கடைக்கு வருகிறது. அதை யாரும் வாங்காவிட்டால் அறுத்துப் பலகையாக்குவார்கள். வாங்குகிறவர் அதற்கு இன்னும் ஒரு நூறு வருஷம் ஆயுள் கொடுக்கிறார். புதிதாக ஒரு மரம் வெட்டுவதும் மிச்சமாகிறது. இது புண்ணியம் இல்லையா?

புண்ணியம்தான். ஆனால், இதே நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. தூணுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு, ரிப்பேர் செய்தால் நிற்கக்கூடிய வீட்டுக்கும் இடிக்கிற யோசனை வருகிறது. வீடாக நின்றால் செலவு, பிரித்தால் வரவு. நாம் கொடுக்கும் விலை ஒரு தூணைக் காப்பாற்றும், இன்னொரு தூணைச் சாய்க்கவும் செய்யும்.

இந்தக் கணக்கு கோயில் வாசலுக்குப் போனால் என்ன ஆகும் என்றும் நாம் பார்த்துவிட்டோம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து நடராஜர் காணாமல் போனார். 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து அவரை வாங்கியது. கூடவே, சிலை எப்படி வந்தது என்று சொல்கிற காகிதமும் வந்தது. காகிதம் பொய். 2014-ல் அந்த நாட்டுப் பிரதமரே டெல்லிக்கு வந்து சிலையைத் திருப்பிக் கொடுத்தார். இத்தனை பெரிய நிறுவனமே 'இது எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலை நம்பி ஏமாந்தது. நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதுகூட இல்லை. கல்லோ உலோகமோ, 100 வயது தாண்டிய சிலை வீட்டில் இருந்தால் தொல்லியல் துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 1972-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

அய்யனாருக்கு நேர்ந்துவிடுகிற மண் குதிரைகளைப் பாருங்கள். அவை வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து, மண்ணோடு மண்ணாகப் போவதற்கென்றே வைத்தவை. யாரோ ஒரு தாய் பிள்ளைக்குக் காய்ச்சல் விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்தது அது. அதை எடுத்து வந்து நம் பால்கனியில் நிறுத்தினால் அது அலங்காரமா? அதே குதிரையை வேளாரிடம் சொல்லிப் புதிதாகச் செய்து வாங்கினால் பிரச்னையே இல்லை. அவருக்கும் பிழைப்பு, நமக்கும் குதிரை. பழசு என்பதற்காக எல்லாமே நமக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

சேகரிப்பதில் ஒரு நல்ல வழியும் இருக்கிறது. புனேயில் ராஜா தினகர் கேல்கர் மியூசியம் என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து மகாராஜா என்று நினைத்துவிடாதீர்கள். தினகர் கேல்கர் சாதாரண மனிதர். ராஜா என்பது சின்ன வயதிலேயே இறந்துபோன அவருடைய மகன் பெயர். அந்த மகனின் நினைவாக, கேல்கர் ஊர் ஊராக அலைந்து பொருட்களைச் சேர்த்தார். வைரம் வைடூரியம் இல்லை. பாக்குவெட்டி, விளக்கு, சீப்பு, மைக்கூடு, சமையல் பாத்திரம். பெயர் தெரியாத மனிதர்கள் தினமும் கையில் எடுத்துப் புழங்கியவை. கிட்டத்தட்ட 20,000 பொருட்கள். பின்னால் எல்லாவற்றையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்துவிட்டார்.

அவரும் அடுத்தவர் வீட்டுப் பொருளைத்தான் சேர்த்தார். நமக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அவர் அந்தப் பொருட்களை வைத்துத் தன் வீட்டுக்குக் கேரக்டர் தேடவில்லை. ஒரு பாக்குவெட்டியைக்கூட 'இதை ஒரு மனுஷன் செய்தான், ஒரு மனுஷி பயன்படுத்தினாள்' என்ற மரியாதையோடு வைத்தார். தன் பிள்ளையின் பெயர் மறந்துபோகக் கூடாது என்று நினைத்தவருக்கு, பெயர் தெரியாதவர்களின் சாமான்கள் மேலும் அக்கறை இருந்தது.

அதனால், பழைய பொருள் வாங்குவது தப்பில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வாங்கும்போது கூடவே ஒரு கடனும் வீட்டுக்கு வருகிறது என்பது தெரிந்தால் போதும். அந்தக் கடனை அடைக்க மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: இது எங்கிருந்து வந்தது? கடைக்காரரிடம் கேளுங்கள். எந்த ஊர், எந்த மாதிரி வீடு, எப்போது இடித்தது. தெரிந்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பின்புறம் ஒட்டிவையுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டு: இதற்கு நம் வீட்டில் வேலை இருக்கிறதா? படியில் அரிசி அளக்கலாம். பித்தளைச் சொம்பில் தண்ணீர் குடிக்கலாம். ஊஞ்சலில் ஆடலாம். வேலை கொடுத்த பொருள் நம் வீட்டுப் பொருளாகிவிடும். வேலை இல்லாதது விருந்தாளியாகவே நிற்கும். அதில் வெட்டியிருக்கும் பெயரை மட்டும் தேய்த்து அழித்துவிடாதீர்கள்.

மூன்று: இது இன்னொருவருக்கு இன்னமும் தேவைப்படுகிறதா? சாமிக்கு, ஊருக்கு, ஒரு குடும்பத்துக்கு? அப்படியானால் அது விற்பனைக்கு வந்திருந்தாலும் விற்பனைக்கு உரியது இல்லை.

இந்த மூன்றாவது கேள்வியில் தாத்தா போட்டோ தேறுமா? எனக்குத் தேறவில்லை. தூணுக்கு முகம் கிடையாது, யார் வீட்டிலும் நிற்கும். முகத்துக்குப் பேரன் பேத்திகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் என்றைக்காவது அந்த ரெஸ்டாரன்ட்டுக்குச் சாப்பிட வந்து, அந்தச் சுவருக்கு நேரே உட்காரக்கூடும். அடையாளம் தெரிந்தால் சங்கடம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் போனால், அது அதைவிடச் சங்கடம்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த முறை சொந்த ஊருக்குப் போகும்போது பரண் மேல் ஏறிப் பாருங்கள். தும்மல் வரும், பரவாயில்லை. ஈயம் போன ஒரு பாத்திரம், மூடி இல்லாத வெற்றிலைப்பெட்டி, கால் ஒடிந்த மணை ஏதாவது கிடைக்கும். அழகாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. கீழே இறக்கி, அம்மாவிடமோ பெரியப்பாவிடமோ 'இது யாரோடது?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.

அந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கடையிலும் விற்பதில்லை. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.