என் ஒரு துளியால் என்ன ஆகிவிடும்?

குருண் பக்கத்துப் பிள்ளைகளான நமக்குக் கடல் கொஞ்சம் தூரம்தான். தினமும் கண்ணில் படுவது குனோங் ஜெராய், செம்பனை, ரப்பர் மரம், நெல் வயல். ஆனால் 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த ஜெராய் மலையில் ஏறி மேற்கே பார்த்தால் மலாக்கா நீரிணை விரிந்து கிடக்கும். கடாரத்துக்குக் கப்பலேறி வந்த அந்தக் காலத்து வணிகர்களுக்கு இந்த மலைதான் அடையாளம். அதே கடலில், லங்காவிக்குத் தெற்கே 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பாயார் தீவு இருக்கிறது. பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் ஆகிய நான்கு தீவுகளும் சேர்ந்து கெடாவின் கடல் பூங்கா. பவளப்பாறையை நேரில் பார்க்க நம் மாநிலத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

அங்கே போகிறவர்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. சன்ஸ்கிரீன் பூசிக்கொள்வது. இதுல என்ன தர்மம், அதர்மம்னு நீங்கள் கேட்கலாம். இருக்கிறது.

பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. அது ஒரு உயிரினம். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கும். பவளம் பாசிக்கு வீடு கொடுக்கும். கடல் சூடானால் இந்த உறவு முறிந்து, பாசி வெளியேறி, பவளம் வெளுத்துப்போகும். 2010-இல் இப்படி வெளுத்தபோது, நம் நாட்டில் பாயார், ரெடாங், தியோமான் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களைக் கொஞ்ச காலம் மூடி வைத்தார்கள். உலகப் பவளப்பாறைகள் கடல் தரையில் 1 விழுக்காடு கூட இல்லை. ஆனால் கடல் உயிரின வகைகளில் ஏறத்தாழ கால் பங்கு அவற்றை நம்பி வாழ்கின்றன.

பல சன்ஸ்கிரீன்களில் ஆக்சிபென்சோன், ஆக்டினோக்சேட் என்ற இரண்டு இரசாயனங்கள் இருக்கும். புற ஊதாக் கதிரை உறிஞ்சி நம் தோலைக் காப்பது இவற்றின் வேலை. 2022-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பவளத்தின் உறவினமான கடல் சாமந்தியின் உடலுக்குள் ஆக்சிபென்சோன் போனதும், அந்த உயிர் அதோடு சர்க்கரையை இணைத்து வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. அந்தப் புதுப் பொருள் வெயில் பட்டதும் நஞ்சாகிறது. ஆக்சிபென்சோனும் செயற்கை வெயிலும் சேர்ந்து பட்ட சாமந்திகள் 17 நாளுக்குள் செத்துப்போயின. எது நம்மை வெயிலிலிருந்து காக்கிறதோ, அதுவே இன்னொரு உயிருக்கு வெயிலை எமனாக்குகிறது. பாசியை இழந்து வெளுத்த சாமந்திகள் இன்னும் சீக்கிரம் செத்தன. ஏற்கெனவே நோயில் படுத்திருப்பவனைத்தான் இது முதலில் அடிக்கிறது.

இந்த அச்சத்தால் ஹவாய் மாநிலம் 2018-இல் சட்டம் போட்டு, 2021 ஜனவரி முதல் இந்த இரண்டும் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்குத் தடை விதித்தது. பலாவ் நாடு 2020-லேயே தடை செய்தது. நம் பக்கத்து நாடான தாய்லாந்து 2021-இல் கடல் தேசியப் பூங்காக்களில் தடை போட்டது. மீறினால் அபராதம் 100,000 பாட் வரை.

இப்போது எதிர்த்தரப்பையும் நியாயமாகக் கேட்போம். நண்பர்கள் மூன்று வாதம் வைப்பார்கள்.

முதலாவது: "இன்னும் முழுசா நிரூபிக்கலையே?" உண்மைதான். ஆய்வகத்தில் பயன்படுத்திய அளவு கடலில் வழக்கமாகக் காணும் அளவைவிட அதிகம். இரண்டாவது: "பவளத்தைக் கொல்றது கடல் சூடு. சன்ஸ்கிரீனைப் போய் பிடிச்சுக்கிட்டு!" இதுவும் உண்மை. மூன்றாவது: "கோடிக்கணக்கான பேர் பூசுறாங்க. என் ஒரு துளி நின்னா என்ன ஆகிடும்?" இதுதான் கனமான கேள்வி.

சின்ன வயதில் கேட்ட கதை ஒன்று. ராஜா ஊர்க்குளத்தைப் பாலால் நிரப்பச் சொன்னார். இரவோடு இரவாக ஆளுக்கொரு செம்பு ஊற்ற வேண்டும். 'எல்லாரும் பால் ஊற்றுவார்கள், நான் ஒருத்தன் தண்ணீர் ஊற்றினால் தெரியவா போகுது' என்று ஒவ்வொருத்தரும் நினைத்தார்கள். விடிந்து பார்த்தால் குளம் நிறையத் தண்ணீர். இந்தக் கதையில் ஒரு செம்பு மட்டும் குற்றவாளி இல்லை. 'என்னுடையது கணக்கில் வராது' என்ற நினைப்புதான் குற்றவாளி. அந்த நினைப்பு எல்லாருக்கும் பொதுவாகும்போதுதான் குளமும் கெடுகிறது, கடலும் கெடுகிறது. கீதை சொல்லும் லோகசங்கிரகத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். என் செயலின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, எல்லாரும் அதையே செய்தால் உலகம் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

நிரூபணம் பற்றிய வாதத்துக்கு வருவோம். அகிம்சை என்பது கோர்ட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் விஷயம் இல்லை. புதரில் ஏதோ அசைகிறது, பாம்பா குழந்தையா என்று தெரியவில்லை. தெரியாததால் கத்தியை வீசலாமா? வீசாமல் இருக்க எனக்குப் பெரிய செலவு இல்லை என்றால், வீசாமல் இருப்பதே தர்மம். இங்கேயும் அப்படித்தான். வேறு வழி நம் கையிலேயே இருக்கிறது.

கடல் சூடுதான் பெரிய எதிரி என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் சூட்டில் வாடுகிற உயிரை நம் பங்குக்கு மேலும் வாட்டக் கூடாது என்பதற்கு அது காரணமே தவிர, கைகழுவுவதற்குக் காரணம் ஆகாது. அதே நேரம் பாட்டிலை மாற்றியதோடு கடமை முடிந்தது என்று நினைத்தால் அதுவும் ஏமாற்று. வீட்டில் மின்சாரத்தைக் குறைப்பது, காரைப் பகிர்ந்து போவது எல்லாம் அடுத்த படிகள்.

இன்னொரு எச்சரிக்கை. 'பவளத்துக்குப் பாதுகாப்பானது' என்று பாட்டிலில் எழுதியிருந்தால் அப்படியே நம்ப வேண்டாம். அந்தச் சொல்லுக்கு உலகம் ஒத்துக்கொண்ட அளவுகோல் கிடையாது. பின்னால் திருப்பிப் பட்டியலைப் படியுங்கள். ஆக்சிபென்சோனுக்கு பென்சோபினோன்-3 என்றும், ஆக்டினோக்சேட்டுக்கு எத்தில்ஹெக்சில் மெதாக்சிசின்னமேட் என்றும் வேறு பெயர் உண்டு. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு உள்ளவை பரவாயில்லை, அதுவும் நானோ துகள் இல்லாதவையாக இருந்தால் நல்லது. நம்ம கருப்புத் தோலில் அது வெள்ளை வெள்ளையாகத் தெரியும், விலையும் கொஞ்சம் கூட. எல்லாராலும் வாங்க முடியாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். காசு உள்ளவனுக்கு மட்டும் கிடைக்கும் அகிம்சை நமக்கு வேண்டாம்.

அதற்கு விடை நம் தோட்டத்திலேயே இருக்கிறது. பால்மரம் வெட்டிய பாட்டிகள் எந்தக் களிம்பைப் பூசினார்கள்? நீளக்கை சட்டை, தலையில் துண்டு, அவ்வளவுதான். துணி கடலில் கரையாது. நீளக்கை நீச்சல் சட்டையும் கால்சட்டையும் போட்டால், முகம், கழுத்து, கைக்கு மட்டும் பூசினால் போதும். பூசும் அளவு பாதிக்கு மேல் குறைந்துவிடும். உச்சி வெயிலில் நிழலில் இருந்துவிட்டு, காலையிலோ மாலையிலோ இறங்கலாம். அதற்காக வெயிலில் தோலைக் கருக விடவும் வேண்டாம். நம் உடம்பும் காக்க வேண்டிய உயிர்தானே.

மாசி மகத்தன்று பினாங்கு தெலுக் பாஹாங்கில் இதே நீரிணையில்தான் அம்மன் தேரை மிதக்க விட்டு, விளக்கேற்றிக் கும்பிடுகிறோம். கடல் நமக்குத் தீர்த்தம். கும்பிட்ட கையாலேயே அதில் நஞ்சைக் கலக்கலாமா?

அடுத்த முறை நம் கிளை தீவுக்குப் பயணம் ஏற்பாடு செய்யும்போது, பயணக் குறிப்புத் தாளில் மூன்று வரி சேர்ப்போம்: நீளக்கைச் சட்டை கட்டாயம். சன்ஸ்கிரீன் பட்டியலைப் படித்து வாங்கவும். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது. நாற்பது பேர் பின்பற்றினால் அது ஒரு துளி இல்லை, நாற்பது செம்பு பால்.