யாருடைய தாமதம்?

நம் கோர்ட்டுகளில் ஒரு மனுவின் பெயர் விசித்திரமானது: தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. போதிய காரணம் காட்டினால், கெடு தாண்டி வந்த அப்பீலையும் கோர்ட் ஏற்கலாம். சட்டத்தின் வறண்ட பாஷைக்குள் ‘மன்னிப்பு’ எப்படி வந்தது? மன்னிப்பு என்றால் ஒரு தவறு வேண்டும், செய்தவன் வேண்டும், பொறுத்துக்கொள்கிறவன் வேண்டும். இந்த மனுவில் மூன்றுமே இடம் மாறிக் கிடக்கின்றன.

ராசிபுரம் பக்கம் மரவள்ளி போட்டிருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பங்குக் கிணற்றில் தண்ணீர் முறை பற்றிய வழக்கு; முன்சீப் கோர்ட்டில் தோற்கிறார். அப்பீலுக்கு 30 நாள். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, ஃபீஸும் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். வக்கீல் ஆபீஸில் தேதி வேறொரு மாதத்தில் குறிக்கப்படுகிறது. அல்லது அவர் கட்டு இன்னொரு கட்டுக்குள் போய்விடுகிறது. விஷயம் தெரியும்போது இருநூறு நாள் ஆகிவிட்டது.

இப்போது அபிடவிட் தயாராகிறது. அதில் ஆபீஸும் இல்லை, டைரியும் இல்லை. மனுதாரருக்கு மஞ்சள் காமாலை, நாட்டு வைத்தியம் பார்த்தார், நடமாட முடியவில்லை. நம் கோர்ட்டுகளோடு பழகியவர்களுக்கு இந்தக் காமாலை பரிச்சயமானதுதான். ஒருநாளும் காமாலை வராத மனுஷர் சத்தியம் செய்து கையெழுத்திடுகிறார். ஆபீஸின் பிழை கட்சிக்காரர் உடம்பில் நோயாக ஏறிக்கொள்கிறது. செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்கப் போனவர், அதற்காக ஒரு பொய்யையும் செய்துவிட்டு வருகிறார்.

எதிர்த்தரப்பு என்ற ஒருவரும் இருக்கிறார். கெடு முடிந்தது, வழக்குத் தீர்ந்தது என்று நம்பிக் கடன் வாங்கிப் பைப் போட்டிருப்பார். கெடு என்பது வெறும் சம்பிரதாயமல்ல. ஒரு சச்சரவு முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கும் உரிமை அது. பொறுத்துக்கொள்ள வேண்டியவர் இவர்; மன்னிப்பதோ கோர்ட். பிறர் கணக்கில் தாராளமாக இருப்பது சுலபம்.

உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலைப் பார்க்காமல் இல்லை. 1981இல் நீதிபதி டி.ஏ. தேசாய், வக்கீல் வராததால் தள்ளுபடியான ஓர் அப்பீலுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். வக்கீலை நம்பிக் கிராமத்தில் இருந்ததற்காகக் கட்சிக்காரன் தண்டிக்கப்படக் கூடாது என்றார். எதிர்த்தரப்பின் செலவை வராத வக்கீலிடமே வசூலிக்கவும் சொன்னார். 1998இல், சென்னை ஹைகோர்ட்டிலிருந்து போன வழக்கொன்றில் தாமதம் 883 நாள். தாமதத்தின் நீளமல்ல, காரணத்தின் நம்பகமே முக்கியம் என்று அதை மன்னித்தார்கள். ஆனால் எதிர்த்தரப்புக்கு 10,000 ரூபாய் கட்ட வேண்டியவர் கட்சிக்காரர். அவர் ஏற்கெனவே நுகர்வோர் மன்றத்துக்குப் போய்த் தன் வக்கீலுக்கு எதிராக 50,000 ரூபாய் நஷ்டஈட்டு உத்தரவு வாங்கியிருந்தார். 2024 மே மாதத்தில் அந்த வாசலும் அடைபட்டது: வக்கீலின் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பு.

ஆக, 1981இன் நியாயத்தில் பாதியைத்தான் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். கெடுவை நீட்டுகிறோம், தவறியவனின் பெயரைக் கேட்பதில்லை.

நீட்டத்தான் வேண்டும். ஒரு டைரிப் பக்கத்துக்காக ஒருவர் தண்ணீர் முறையை இழப்பது நியாயமல்ல. ஆனால் அந்த அபிடவிட்டில் கையெழுத்திட வேண்டியவர் வக்கீல். எதிர்த்தரப்பின் செலவும் அவருடையது. குமாஸ்தாவைக் காட்டித் தப்பிக்கவும் கூடாது. பிழை எப்போதும் குறைந்த சம்பளக்காரனை நோக்கித்தான் வழிந்து ஓடும். வக்காலத்தில் இருப்பது வக்கீலின் பெயர்.

‘தேதியைத் தவறவிட்டது நான்’ என்று எழுத ஒரு வரி போதும். அந்த வரியை எழுதுபவருக்குத்தான் மன்னிப்பு பொருந்தும். மரவள்ளிக்காரருக்கு வேண்டியது மன்னிப்பல்ல; அவருடைய அப்பீல்.