பாப்பரசரும் பதிதமும்

விசுவாசத்தைக் காக்கவென்று ஏற்பட்ட பீடத்தில் அமர்ந்திருப்பவரே அவ்விசுவாசத்துக்கு மாறாகப் போதிப்பாரானால், அவருக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்ட விசுவாசி யாது செய்யக் கடவன் என்னும் வினாவைக் கத்தோலிக்கத் திருச்சபையின் வேதசாஸ்திரிகளும் நியாயவாதிகளும் பல நூற்றாண்டுகளாகத் தமக்குள்ளேயே எழுப்பி வந்திருக்கின்றனர். கீழ்ப்படிதலும் சத்தியமும் ஒரே திசையில் செல்லும்வரை அறம் எளிது. அவை இரண்டும் பிரிந்து செல்வதாகத் தோன்றும் இடத்தில்தான் மனச்சாட்சிக்கு மெய்யான பரீட்சை உண்டாகிறது.

பாப்பரசர் ஒருபோதும் தவறமாட்டார் என்று சொல்லி இவ்வினாவைத் தட்டிக்கழிக்கச் சரித்திரம் இடங்கொடுப்பதில்லை. 634-ஆம் ஆண்டை ஒட்டிக் கொன்ஸ்தாந்தினோபிள் நகரத்துப் பிதாப்பிதா செர்ஜியுஸ் எழுதிய நிருபத்துக்கு மறுமொழி விடுத்த பாப்பரசர் முதலாம் ஹொனோரியுஸ், கிறிஸ்துநாதரிடம் தெய்வ சித்தம், மனித சித்தம் என இரண்டு உண்டென்று தெளிவுறப் போதிக்க வேண்டிய இடத்தில், ஒரே சித்தம் என்னும் சொல்லை ஆண்டுவிட்டார். அவர் மரித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 680–681-இல் அதே நகரில் கூடிய பொதுச்சங்கம் அவரைப் பதிதர்களோடு சேர்த்துச் சபித்தது. அச்சங்கத்தின் முடிவை உறுதிப்படுத்திய பாப்பரசர் இரண்டாம் லியோவோ, தப்பறையைத் தொடக்கத்திலேயே அணைக்க வேண்டியவர் தம் அசட்டையினால் அதை வளரவிட்டதே ஹொனோரியுஸின் குற்றம் என்று எழுதினார். தன் தலைவர்களுள் ஒருவருடைய பெயரைக் கண்டிக்கப்பட்டோர் வரிசையில் வெளிப்படையாக எழுதி வைக்கத் துணிந்த சபை, கீழ்ப்படிதலையும் முகஸ்துதியையும் ஒன்றாக எண்ணவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எனினும், இறந்தவரைக் கண்டிப்பது ஒன்று. ஆளுகின்றவரைப் பாப்பரசர் அல்லர் என்று தீர்ப்பது மற்றொன்று. ரோமைப் பீடத்தை ஒருவரும் நியாயந்தீர்க்கலாகாது என்னும் பழைய விதி, 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1404-ஆம் விதியாக இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் 1140-ஐ ஒட்டி கிராசியான் தொகுத்த சட்ட நூல், பாப்பரசர் விசுவாசத்தினின்று வழுவியவராகக் காணப்பட்டாலன்றி என்று ஒரு விலக்கையும் உடன் கூறியிருந்தது. அவ்விலக்கின் பொருள் யாதென ஆராய்ந்தவர்களுள் கர்தினால் கயெத்தான், பதிதராகிய பாப்பரசர் தாமாகவே பதவி இழப்பதில்லை, திருச்சபையால் நீக்கப்பட வேண்டியவராவார் என்றார். சேசு சபையைச் சேர்ந்த அர்ச். ராபர்ட் பெல்லார்மினோ, இப்பொருள் குறித்து நிலவிய ஐந்து கொள்கைகளை வரிசைப்படுத்தி, பாப்பரசர் பதிதராகவே மாட்டார் என்பதைப் பக்தியுடையோர் ஏற்கத்தக்க கருத்தென மதித்தபோதிலும், அவ்வாறு ஆகக்கூடுமெனில், வெளிப்படையான பதிதர் அக்கணமே திருச்சபையின் உறுப்பாக இராமையால் அதன் தலையாகவும் இரார் என்னும் ஐந்தாம் கொள்கையையே மெய்யெனக் கொண்டார்.

இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தங்களால் மனம் புண்பட்டு, ரோமைப் பீடம் 1958 முதல் வெறுமையாகவே கிடக்கிறது என்று சாதித்தோர் பலரும் பெல்லார்மினோவின் இவ்வாக்கியத்தையே ஆதாரமாகக் கொண்டனர். அவர்களுடைய வேதனையை எளிதாக எண்ணலாகாது. தம் முன்னோர் வழிபட்ட முறையிலே வழிபட விரும்பியவர்கள் அவர்கள். சத்தியம் காலத்துக்குக் காலம் மாறுவதன்று என்னும் அவர்களுடைய நம்பிக்கை திருச்சபையே கற்பித்தது. ஆயினும் அவர்களுடைய வாதத்தில் ஒரு பெரும் இடைவெளி இருக்கிறது. பதிதம் என்பது வெறும் பிழை அன்று. எச்சரிக்கப்பட்ட பின்னும் பிடிவாதமாகப் பற்றிக்கொள்ளும் பிழை. அந்தப் பிடிவாதத்தை விசாரித்து அறிந்து, அது வெளிப்படையானதென்று யார் சொல்வது? ஒவ்வொருவரும் தத்தம் வாசிப்பினால் அதைத் தீர்மானிக்கலாம் எனில், பாப்பரசரை யாரும் நியாயந்தீர்க்கலாகாது என்ற விதி போய், யாரும் நியாயந்தீர்க்கலாம் என்னும் விதி வந்துவிடுகிறது. 1990-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு குடும்பத்தாரும் நண்பர்களுமாக ஆறு பேர் கூடித் தம்முள் ஒருவரைப் பாப்பரசராகத் தேர்ந்துகொண்ட பரிதாபம், இவ்வழியின் இறுதியில் தனித்தனி மனிதர்களின் தீர்ப்பன்றி வேறொன்றும் எஞ்சுவதில்லை என்பதை விளக்குகிறது.

அப்படியானால் விசுவாசிக்கு ஊமையாய் இருப்பதன்றி வேறு வழியில்லையோ எனின், அதற்கு விடை இருபத்திரண்டாம் அருளப்பரின் சரித்திரத்தில் இருக்கிறது. ஏனெனில் அந்த ஒரே பாப்பரசர் இருவகை எதிர்ப்பையும் சந்தித்தார். கிறிஸ்துநாதரின் தரித்திரத்தைக் குறித்து அவரோடு மாறுபட்ட பிரான்சிஸ்கன் துறவிகளுள் சிலர், ஒக்காமின் வில்லியம் முதலியோர், அவரைப் பதிதர் என்றே முடிவு கட்டி, பவேரியாவின் லூயி மன்னனிடம் புகலடைந்தனர். அம்மன்னன் 1328-இல் ரோமையிலே அருளப்பரை நீக்கியதாக விளம்பி வேறொருவரைப் பாப்பரசராக்கினான். அவ்வாறு ஆக்கப்பட்டவரோ இரண்டு ஆண்டுகளில் அவிஞோனுக்கு வந்து அருளப்பரிடமே மன்னிப்புக் கேட்டார். பின்னர் 1331-ஆம் ஆண்டு சகல அர்ச்சியசிஷ்டர்களின் திருநாளன்று, நீதிமான்களின் ஆத்துமங்கள் பொதுத்தீர்வை வரையில் தேவனை முகமுகமாய்த் தரிசிப்பதில்லை என்று அவர் பிரசங்கித்தபோது எழுந்த எதிர்ப்பு வேறுவிதமானது. பாரிஸ் நகரத்து வேதசாஸ்திரிகள் மறுத்தெழுதினர்; சாமிநாதர் சபைத் துறவி தாமஸ் வாலிஸ் எதிர்த்துப் பிரசங்கித்துச் சிறை புகுந்தார்; கர்தினால் ஜாக் ஃபூர்னியே உடன்படவில்லை. பீடம் வெறுமையாயிற்று என்று இவர்கள் கூறினாரல்லர்; இப்போதனை பிழை என்று மட்டுமே கூறினர். 1334 டிசம்பரில், மரணப்படுக்கையிலே அருளப்பர் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். அடுத்துப் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்னும் பெயரில் பாப்பரசரான அதே ஃபூர்னியே, 1336-இல் மெய்யான போதனையை நிலைநாட்டினார்.

இவ்விரு எதிர்ப்புகளுக்கும் இடையிலுள்ள பேதமே இவ்விஷயத்தின் உயிர்நிலை. பிழை என்று சொன்னவர்கள், பிழைத்தவர் திருந்துவதற்கும் தாங்கள் தவறியிருப்பின் தாங்கள் திருந்துவதற்கும் வழி வைத்திருந்தனர். பீடமே இல்லை என்று சொன்னவர்களோ, திருந்தக்கூடிய ஒருவரையும் திருத்தக்கூடிய ஒரு சபையையும் தம் எதிரில் விட்டுவைக்கவில்லை. அந்தியோக்கியாவிலே இராயப்பரை முகத்துக்கு நேரே கண்டித்த சின்னப்பரும் அவருடைய அப்போஸ்தல ஸ்தானத்தை மறுக்கவில்லை.

பதவியின் உரிமையே சந்தேகத்துக்குள்ளான காலமும் உண்டு. 1378-இல் ஆறாம் அர்பனைத் தெரிந்தெடுத்த கர்தினால்மாரே, மக்களின் ஆரவாரத்துக்கு அஞ்சியே அவ்வாறு செய்ததாகச் சில மாதங்களுக்குள் கூறி ஏழாம் கிளமெண்டை ஏற்படுத்தினர். 1409-இல் பீசா நகரத்துச் சங்கம் மூன்றாம் ஒருவரையும் சேர்த்தது. சியன்னாவின் அர்ச். கத்தரீனம்மாள் அர்பனின் ரோமைப் பக்கத்திலும், அர்ச். வின்சென்ட் ஃபெரர் கிளமெண்டின் அவிஞோன் பக்கத்திலும் நின்றனர். உண்மையான பாப்பரசர் யாரென்று அறியாமையினால் அவர்களுடைய புண்ணியம் குறைந்துபோகவில்லை. கொன்ஸ்தான்சு நகரத்துச் சங்கத்தின் முயற்சியால் ரோமைப் பக்கத்துப் பன்னிரண்டாம் கிரகோரியார் 1415-இல் பதவி துறக்க, அவிஞோன் பக்கத்துப் பதின்மூன்றாம் பெனடிக்ட் எத்தனை வேண்டுகோளுக்கும் இணங்காதபோது, அவருக்கு நெருங்கியவராயிருந்த வின்சென்ட்டே 1416 ஜனவரியில் பெர்பிஞான் நகரில் அவருக்குரிய கீழ்ப்படிதல் விலக்கப்பட்டதைப் பகிரங்கமாய் அறிவித்தார். 1417-இல் ஐந்தாம் மார்ட்டின் தெரிந்தெடுக்கப்பட்டார். அச்சங்கத்தில் நீக்குதல் நிகழ்ந்தது மெய்யே. ஆனால் அது சபை ஒன்றுகூடி, எச்சரித்து, காத்திருந்து செய்த தீர்ப்பு.

அண்மைக் காலத்துக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். 2016-இல் திருமணத்தைப் பற்றிய போதனை குறித்து நான்கு கர்தினால்மார் ஐந்து வினாக்களை எழுதிப் பாப்பரசர் பிரான்சிஸிடம் விளக்கம் கேட்டது, மரியாதையும் துணிவும் சேர்ந்த செயல். அவர்களுள் இருவர் விடை காணாமலே 2017-இல் மரித்தது வருந்தத்தக்கது. கேட்பவனுக்கு வினவும் உரிமை உண்டெனில், ஆள்பவருக்கு விளக்கும் கடமையும் உண்டு. மௌனம் ஐயத்தைத் தீர்ப்பதில்லை. ஆனால் விகனோ என்னும் பேராயர் பிரான்சிஸின் அதிகாரத்தையே ஏற்க மறுத்து, 2024-இல் பிரிவினைக் குற்றத்துக்காகத் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டபோது, எல்லை எங்கே கடக்கப்பட்டது என்பது தெளிவாயிற்று.

1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்த வழுவாமையும், விசுவாச ஒழுக்கங்களைக் குறித்துத் திருச்சபை முழுவதற்கும் உச்ச அதிகாரத்தோடு தீர்த்துரைக்கும் வேளைக்கே உரியது. அதற்கு வெளியே பாப்பரசரும் தவறக்கூடிய மனிதரே. ஆகவே பிழையைப் பிழை என்பது பாவமன்று. சில சமயங்களில் அதைச் சொல்லாதிருப்பதே பாவம். சொல்பவன் அதற்காகத் துன்பம் ஏற்கவும், நெடுங்காலம் காத்திருக்கவும், தன்னையும் பிறர் சோதிக்க இடங்கொடுக்கவும் ஆயத்தமாயிருக்க வேண்டும். பதவி ஒழிந்தது என்னும் தீர்ப்போ சபை முழுவதற்கும் பொதுவானது. அதைத் தனியொருவன் தன் கையில் எடுத்துக்கொள்வானாயின், அவன் காக்கப் புறப்பட்ட சத்தியம் எத்தனை மெய்யானதாயினும், அந்த அதிகாரத்தை அவனுக்கு அளித்தவர் எவருமில்லை.