குறை ஒரு பொருளா?

ஓரிடத்தில் ஒன்று இல்லாதிருப்பதைத் தனிப்பொருளாக எண்ணலாமா என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு. வைசேடிகம் இன்மையை, அதாவது அபாவத்தை, ஏழாவது பதார்த்தமாகச் சேர்த்துக்கொண்டது. பிரபாகர மீமாம்சகர் ஒப்பவில்லை: குடம் இல்லாத தரை வெறுந்தரைதான், அங்கே இன்மை என்று வேறொன்று கிடையாது. சைவ சித்தாந்தம், அறிவை மறைக்கும் ஆணவ மலத்தை அறிவின் இன்மை என்று விட்டுவிடாமல், செம்பில் களிம்புபோல் உயிரைப் பற்றிய உள்பொருள் என்றது. ரமணரோ அறியாமைக்குத் தனி இருப்பே இல்லை என்றார். அருப்புக்கோட்டையை அடுத்த திருச்சுழியில் இந்த இரண்டு கட்சிகளும் அக்கம்பக்கத்தில் நிற்கின்றன: சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலும், 1879இல் ரமணர் பிறந்த வீடும்.

அதே அருப்புக்கோட்டை வட்டாரத்துப் பாளையம்பட்டித் தறியில் பாவிழை ஒன்று அறுந்து, பிணைக்காமல் நெய்துவிட்டால், துணியில் நெடுகக் கோடு விழும். வாங்குபவர் விலையைக் குறைப்பார். விலையைக் குறைத்தது இருக்கும் இழைகளா, இல்லாத இழையா?

இதே கேள்வியை ஓரணுத் தடிமனுள்ள கரிமத் தாளில் கேட்டால் அளந்து பார்க்கக்கூடிய விடை கிடைக்கிறது. அந்தத் தாளான கிராஃபீன் 2004இல் மான்செஸ்டரில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் தாய்ப்பொருளான கிராஃபைட் படிகத்தில், தாளின் தளத்திலும் அதற்குச் செங்குத்தாகவும் மின்கடத்தல் பெரிதும் வேறுபடுவதை 1939இலேயே எழுதியவர்களில் ஒருவர், அருப்புக்கோட்டை உள்ள அதே விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். தாளின் அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வலைகளே வெப்பத்தைச் சுமக்கின்றன. எலக்ட்ரான் கற்றையாலோ அயனிகளாலோ சில அணுக்களை வெளியேற்றினால், அலைகள் அந்தக் காலியிடங்களில் சிதறி, வெப்பக்கடத்தல் குறைகிறது. எத்தனை அணுக்களை நீக்குவது என்பதை வைத்தே அந்த அலைகள் வெப்பம் சுமப்பதைக் கட்டுப்படுத்தலாம். சில்லின் சூட்டை வெளியேற்ற நினைப்பவருக்கு இது கேடு. வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பவருக்கு இதுவே தேவை. ஆக, ‘குறை’ என்ற மதிப்பீடு பயனைப் பொறுத்தது; சிதறல் எவர் பயனையும் பொறுத்ததல்ல.

இன்னும் நுட்பமான சாட்சி, இயற்பியலாளர் ராமனும் அதே கிருஷ்ணனும் 1928இல் கண்ட ஒளிச்சிதறல். கிராஃபீனின் அறுகோண வளையங்கள் விரிந்து சுருங்கும் அதிர்வு ஒன்று உண்டு. பழுதில்லாத தாளில் அது தனக்குரிய அலையெண்ணில் ராமன் நிறமாலைக்கு அகப்படாது, உந்தக் கணக்கு பொருந்தாததால். பழுது இருந்தால் அந்தக் கணக்கு நேராகி, 1350 செ.மீ⁻¹ அலையெண்ணை ஒட்டி ‘டி’ முகடு எழுகிறது. முன்பே இருந்த அதிர்வை இன்மை காட்டிக்கொடுக்கிறது.

பிரபாகரர் தரப்பு இங்கும் வாய் மூடாது: சிதறடிப்பவை காலியிடத்தைச் சூழ்ந்த அணுக்களும் அவற்றின் மாறிய பிணைப்புகளுமே என்னும். அது சரிதான். இல்லாத அணு எதையும் தள்ளுவதில்லை. போதாததற்கு, எதுவும் விடுபடாமல் ஒரு நியூட்ரான் கூடிய கரிமம்-13 கலந்தாலும் வெப்பக்கடத்தல் குறைகிறது. எனவே களிம்பு உவமை இங்கே பாதி தூரமே வரும். காலியிடம் ஒட்டிக்கொண்ட பொருளல்ல. ஆனால் அந்தச் சிதறலைக் கணக்கிட அணுக்களின் நிறைவான அணிக்கோவையை முன்வைத்து, அதிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் இன்மைக்கும் எதன் இன்மை என்று சொல்லும் ‘பிரதியோகி’ வேண்டும் என்ற, நியாய மரபினரான நையாயிகரின் விதிக்கு இது மிக நெருங்கி வருகிறது.

அந்த விதிக்கு எல்லையும் இங்கேயே தெரிகிறது. காலியிடங்கள் பெருகப் பெருக ‘டி’ முகடு முதலில் வளர்கிறது. அவை சில நானோமீட்டர் நெருக்கத்துக்கு வந்ததும் வளையங்களே குலைந்து முகடு தணிகிறது. அணிக்கோவை போனபின் எந்த அணு எந்த இடத்தில் இல்லை என்று சுட்ட வழியில்லை.