விதைக்கு விட்ட காய்

பந்தலில் அந்த ஒரு பீர்க்கங்காய் மட்டும் பறிக்கப்படாமல் தொங்கியது. பிஞ்சாக எடுத்திருந்தால் ஒரு வேளைக் கூட்டுக்கு ஆகியிருக்கும், தோலைச் சீவித் துவையலும் அரைத்திருக்கலாம். என் மனைவி இரண்டு முறை கத்தியோடு மாடிக்குப் போய் வெறுங்கையோடு இறங்கி வந்தாள். "அதத் தொட்றாத தாயி, விதைக்கு விட்டிருக்கு" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மதுரையில், வாடகை வீட்டு மொட்டை மாடியில்தான் எங்கள் வெள்ளாமை. தளம் ஓதம் காத்துவிடும் என்று வீட்டுக்காரர் தயங்கினார். ஒவ்வொரு பைக்கும் அடியில் செங்கல் அடுக்கிக் காட்டிய பிறகே சம்மதித்தார். மொத்தம் 12 பைகள். செம்மண், மக்கிய சாணம், தென்னை நார்க்கழிவு. கட்டியாக வரும் நார்க்கழிவை ஊறவைத்து, உப்புப் போக நாங்கள் மூன்று தண்ணீர் அலசிப் பிழிந்தபோது அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. "மஞ்சியில போயி என்னய்யா வெளையும்?" என்றாள்.

சித்திரையில் தொடங்கியது எங்கள் தவறு. வாங்கி வந்த தக்காளி நாற்றும் கத்தரி நாற்றும் தளத்துச் சூட்டில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆடி வரட்டும் என்று அம்மா காத்திருக்கச் சொன்னாள். ஆடிக் காற்றில் வெக்கை தணியும். அப்போது ஊன்றிய விதை வேர் பிடித்துக் கொடி ஓடி நிற்கும் நேரத்தில் ஐப்பசி மழை வந்து சேரும். வானத்தைப் பார்த்து வைத்த கணக்கு அது. அந்தக் கணக்கு மாடிக்கும் பொருந்தியது.

அந்த ஆடியில்தான் அம்மா திண்டுக்கல் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போய், முந்தானை முடிச்சில் பீர்க்கன் விதை கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டு அத்தாச்சி கொடுத்ததாம். என்னிடம் இருந்த விதைப் பாக்கெட்டில் வீரிய ஒட்டு ரகம் என்று அச்சிட்டிருந்தது. அது நன்றாகக் காய்க்கும். ஆனால் அதன் விதையை எடுத்து மறுபடி போட்டால் தாயைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது. அடுத்த ஆடிக்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

கொடி ஏறியது. முதலில் வந்ததெல்லாம் ஆண் பூ. கொத்துக் கொத்தாகப் பூத்து உதிர்வதைப் பார்த்து மகள் அழாத குறை. பிறகு ஒருநாள், பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நுனியளவு காயோடு பெண் பூ வந்தது. எங்கள் மாடியில் தேனீ நடமாட்டம் குறைவு. பீர்க்கம்பூ சாயங்காலம் விரிவது. ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழைப் பிரித்துவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் பூவோடு பூவாகத் தொட்டு ஒற்ற வேண்டும். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றுவாள். விரல் நுனியெல்லாம் மஞ்சளாகிவிடும். மூன்றாம் நாள் அந்தச் சின்னக் காய் வெளுத்துச் சுருங்காமல் பச்சையாக நீண்டிருந்தால், வீட்டில் எல்லோருக்கும் தகவல் போய்விடும்.

அந்தப் பூவுக்காக நான் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரத் தொடங்கினேன்.

வெண்டையை மாவுப்பூச்சி தாக்கியது, வேப்பெண்ணெய்க் கரைசல் பாதியைத்தான் காப்பாற்றியது. காய்கறிச் செலவு குறைந்ததா என்றால், பைக்கும் மண்ணுக்கும் போட்ட பணமே இன்னும் திரும்பவில்லை. அதனால்தான் அம்மா அந்த ஒரு காயை விட்டுவைத்தது மனைவிக்கு உறுத்தியது. அதிலும் அம்மா விட்டது கடைசியில் வந்த சோனிக் காய் இல்லை. நடுப் பறிப்பில், கோணலின்றி நீண்டு, வரி தெளிந்து நின்ற காய். அதை முற்றவிட்டால் கொடியின் சத்து அங்கே போய், புதுக்காய் பிடிப்பதும் குறையும். தெரிந்தேதான் விட்டாள்.

நான் சிறுவனாக இருந்தபோது, கிணறு வற்றிய ஒரு வருஷம் எங்கள் வீட்டில் ஒருவேளைக் கஞ்சிதான். அடுப்படி மூலையில் சாம்பலும் வேப்பிலையும் கலந்து வாய் கட்டிய கலயத்தில் விதைச்சோளம் இருந்தது. பசியோடு அதைக் கடந்து போன ஞாபகம் எனக்கு இருக்கிறது. அம்மா அதை அவிழ்க்கவே இல்லை.

நான் மாதச் சம்பளக்காரன். செலவு போக நிற்பதைத்தான் சேமிப்பு என்று இத்தனை நாள் சொல்லி வந்திருக்கிறேன். அது மிச்சம். மிச்சம் வேறு, விதை வேறு. தின்று மீந்ததை யாரும் விதையாக வைப்பதில்லை. தின்பதற்கு முன்பே, இருப்பதில் நல்லதாகப் பார்த்து ஒதுக்குவதுதான் விதை. மகளுக்கு நான் கொடுத்து வந்த நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். அலுவலகமும் பயணமும் கைப்பேசியும் தின்றது போக மீந்த, கண் சொக்கும் நேரம் அது. எட்டு வருஷமாக அவளுக்கு மிச்சத்தைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு அவள் எப்படி வரவேண்டும் என்று மட்டும் பெரிதாகக் கனவு கண்டிருக்கிறேன். இது எனக்கு வலித்தது. இன்னும் வலிக்கிறது.

விதையை ஒதுக்கினால் மட்டும் போதாது, அது கை மாறவும் வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய விதைநெல் 2 கிலோ வாங்கிப் போகிற விவசாயி மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் பல கைகளுக்குப் போய்ப் பெருகியது இப்படித்தான். அத்தாச்சியும் கணக்குச் சொல்லாமல் அதைத்தான் செய்திருக்கிறாள்.

மார்கழியில் அந்தக் காய் பழுப்பேறி, எடையற்றுப் போனது. ஆட்டினால் உள்ளே கலகலத்தது. அம்மா நுனி மூடியை உடைத்து முறத்தில் கவிழ்க்க, கருப்பு விதைகள் சரிந்து விழுந்தன. நார்க்கூட்டை முதுகு தேய்க்க எடுத்து வைத்தாள். தண்ணீரில் போட்டு மிதந்ததை நீக்கி, மீதியை நிழலில் உலர்த்தினாள். மகள் எண்ணினாள்: 63.

"அப்பத்தா, எல்லாம் நமக்கா?"

அம்மா நாலு பங்கு வைத்தாள். எங்களுக்கு ஒன்று, கீழ்வீட்டு வீட்டுக்காரருக்கு ஒன்று. பூச்சி விழுந்தாலும் மாற்றுக்கு இருக்கட்டும் என்று ஒன்றைச் சாம்பலில் புரட்டிக் கட்டினாள். பெரிய பங்கு முந்தானை முடிச்சுக்குள் போனது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அத்தாச்சியிடம் அதை நேரில் கொடுக்க வேண்டும் என்று மகள் இப்போதே நச்சரிக்கிறாள்.