முகம் தெரிந்த உயிர்

நம் பேச்சில் கோழிக்கு இருக்கும் இடம் பெரிது. விளங்காத கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்கிறோம். விட்டுவிட்டு விழிக்கும் உறக்கம் கோழித் தூக்கம். பெற்றவள் கண்டிப்பதால் பிள்ளை கெட்டுவிடாது என்பதற்கு, கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று ஆறுதல் சொல்கிறோம். வாயில் இவ்வளவு புழங்கும் ஓர் உயிரைக் கண் எவ்வளவு பார்த்திருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்க வேண்டியிருக்கும். பூமியில் கோழியைவிட எண்ணிக்கையில் மிகுந்த பறவை இல்லை. மனிதர் ஒருவருக்கு இரண்டுக்கும் மேல் என்று கணக்கு வரும். பெருகப் பெருக ஒன்று நம் பார்வையிலிருந்து மறைந்துபோவது வாழ்வின் விசித்திரங்களில் ஒன்று.

கொல்லையில் நாலைந்து கோழி வளரும் வீட்டில் அந்த மறைவு மெல்ல விலகத் தொடங்குகிறது. விடியலில் கூட்டைத் திறந்ததும் எல்லாம் ஒரே மொத்தமாய் வெளியே பாய்வதாகத்தான் முதலில் தோன்றும். சில நாள் நின்று பார்த்தால் அந்த மொத்தத்துக்குள் ஓர் ஒழுங்கு தெரியும். இறைத்த கம்பில் முதல் மணி யாருக்கு, யார் வந்தால் யார் விலக வேண்டும், விலகியது தன் ஆத்திரத்தை எதன் தலையில் இறக்கும் என்பதெல்லாம் அங்கே எழுதாத சட்டம். நார்வே நாட்டுத் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே சிறுவயது முதலே கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தவர். கோழிகளுக்குள் நிலவும் இந்தக் கொத்து வரிசையை 1921இல் அவர் எழுதி வெளியிட்ட பிறகே அது அறிவியலின் பேச்சானது. வரிசை நிலைக்க வேண்டுமானால் கூட்டத்தில் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்திருக்க வேண்டும். நமக்கு ஒன்றுபோல் தெரிந்தவை தங்களுக்குள் ஒருபோதும் ஒன்றுபோல் இருந்ததில்லை. குறை நம் பார்வையில் இருந்தது.

பார்வை பழகப் பழக இன்னும் பல தெரியவரும். குப்பையைச் சீய்த்துக்கொண்டிருந்த சேவலுக்கு ஒரு புழு அகப்படுகிறது. அதை விழுங்காமல் அலகால் எடுத்துக் கீழே போடுகிறது. மறுபடி எடுக்கிறது, மறுபடி போடுகிறது. தொண்டைக்குள் அடுக்கடுக்காய் ஓர் அழைப்பு. பெட்டை ஓடிவந்து கொத்திக்கொண்ட பிறகே அது நிமிர்ந்து நடக்கிறது. இணையைக் கவரும் உத்தி என்று அறிவியல் விளக்கும். அந்த விளக்கம் சரிதான். ஆனால் கிடைத்ததைத் தின்னாமல் நிறுத்திவைக்கும் அந்த நொடியை உத்தி என்ற ஒரு சொல் முழுதாகச் சொல்லிவிடுமா? மனிதர் ஈகை என்று போற்றும் பலவற்றுக்கும் அடியில் ஏதோ ஒரு தன்னலம் இருக்கக்கூடும். வேர் மண்ணுக்குள் கிடப்பதால் பூ அழுக்காகிவிடுவதில்லை.

அதே சேவல் வானில் பருந்து வட்டமிட்டால் ஒரு குரலும், தரையில் கீரியோ பூனையோ பதுங்கி வந்தால் வேறொரு குரலும் கொடுக்கும். முதற்குரலுக்குப் பெட்டைகள் செடிக்கடியில் ஒடுங்கும். இரண்டாம் குரலுக்குக் கழுத்தை உயர்த்தி நாற்புறமும் பார்க்கும். கோழியோடு வாழ்ந்த வீட்டில் அடுப்படியில் இருப்பவருக்கும் அந்த வேறுபாடு தெரியும். வந்தது எதுவென்று குரலிலேயே அறிந்து, கையில் அகப்பட்ட கம்போடு கொல்லைக்கு ஓடுவார். இந்த மொழியை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. இன்னோர் உயிரின் அச்சம் நம் காதில் ஓசையாக விழுவது நின்று பொருளாக விழத் தொடங்கும் வேளையில், நமக்கே தெரியாமல் நாம் அதன் உலகத்துக்குள் ஓரடி வைத்துவிடுகிறோம்.

அதன்பின் பெயர்கள் பிறக்கின்றன. செவலை, கருப்பி, புள்ளி, கழுத்தறுத்தான் என்று நிறத்திலும் உருவிலும் தொடங்கும் பெயர், நாளடைவில் குணத்தைக் குறிக்க ஆரம்பிக்கும். கருப்பி என்றால் கறுப்பு நிறம் மட்டுமன்று. முட்டையிட வைத்த பெட்டியை விட்டு வைக்கோற்போரில்தான் முட்டையிடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவள், அடையில் உட்கார்ந்தால் யார் கையையும் அண்டவிடாதவள். கோழிக்குப் பெயரிடுவது இன்று தோன்றிய வழக்கமன்று. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவலின் உருவம் செதுக்கி வட்டெழுத்தில் பொறித்த நடுகல் கிடைத்திருக்கிறது. இந்தளூர்க் கோழிக் கல்லில் கீழ்ச்சேரிக் கோழி ஒன்றின் பெயரே இருக்கிறது: பொற்கொற்றி. ஏறத்தாழ 1,500 ஆண்டுக்கு முன் சேவற்சண்டைக் களத்தில் மாண்ட ஒரு பறவைக்கு, வீரனுக்கு எடுப்பதுபோலக் கல் எடுத்திருக்கிறார்கள். அதைச் சண்டைக்கு விட்டவர்களும் அவர்களே, மாண்டபின் கல் நட்டவர்களும் அவர்களே. இந்த முரணை அவர்களுடையது என்று நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அது இன்றும் நம் வீட்டுக் கொல்லையில் உலவுகிறது.

கோழி நம்மை நேசிக்கிறதா என்று கேட்பவர் உண்டு. தீவனத்தை நேசிக்கிறது, அதை இறைக்கும் கையின் பின்னால் வருகிறது, அவ்வளவுதான் என்பவரும் உண்டு. நாயைப் போல் வாலாட்டி, பூனையைப் போல் மடியில் சுருண்டு, நம் அன்பை நமக்குப் புரியும் நாணயத்தில் திருப்பித் தர அதற்குத் தெரியாது. அது தருவது வேறு. உச்சிவெயிலில் மரத்தடிப் புழுதியில் பள்ளம் பறித்து, ஒருக்களித்துப் படுத்து, காலை நீட்டி, இறக்கையால் மண்ணை வாரி உடம்பெங்கும் தூவிக்கொண்டு, கண் பாதி மூடிக் கிடக்கிறதே, அப்போது அது எதிரிக்கு மிக எளிய இரை. தென்கிழக்காசியக் காட்டுக்கோழியின் வழிவந்த பறவை அது. அதன் காலின் மஞ்சள் நிறத்துக்கான மரபணு நம் தென்னகத்துச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காட்டின் எச்சரிக்கை இன்னும் அதன் உடம்பில் குடியிருக்கிறது; சருகு அசைந்தாலும் துள்ளி எழும். அப்படிப்பட்ட உயிர், நாம் இரண்டடி தூரத்தில் நிற்கும்போது எழாமல் கிடக்கிறது என்றால், அது நம்மிடம் தன் அச்சத்தைக் கழற்றி வைத்திருக்கிறது. அன்பு நம்மை மகிழ்விக்கும். நம்பிக்கையோ நம்மைக் கட்டிப்போடும். தன்னைக் காத்துக்கொள்ளும் வேலையில் ஒரு பகுதியை இன்னோர் உயிர் நம்மிடம் ஒப்படைத்துவிட்டால், அந்த வேலையைச் செய்யாமலிருக்கும் உரிமை நமக்கு இல்லாமல் போகிறது.

அந்தியில் கூட்டை அடைப்பதும், கோடையில் தண்ணீர்ச் சட்டியை நிழலுக்கு மாற்றுவதும், வெள்ளைக்கழிச்சல் பரவும் காலத்துக்கு முன்பே ஊசி போட்டு வைப்பதும் வீட்டு வேலைகளாகத் தோன்றலாம். அவை ஒவ்வொன்றும் ஒப்படைக்கப்பட்ட ஒரு பொறுப்பின் தவணை. ஒருநாள் தவறினால் கீரி தவறாது. ஊசி தவறியதால் கண்ணில் நீர் தளும்பக் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடக்கும் ஒரு பறவையின் முன்னால், எனக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

அதே வீட்டில்தான் விருந்தாளி வருகிறார், கோவில் கொடை வருகிறது. அன்று செவலையின் முறை. காலையில் அதற்குக் கம்பு இறைத்த பிள்ளை மதியம் இலையை விட்டு எழுந்துவிடுகிறது. பெரியவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் சிரிப்பு முழுதாக வருவதில்லை. உண்பதா விடுவதா என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தத்தம் நெறிப்படி விடை காண்பார்கள். அதைத் தீர்த்துவைப்பது இங்கே நோக்கமன்று. பிள்ளையின் மறுப்பில் இருக்கும் அறிவைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கடையில் எடைபோட்டு வாங்கிய கறியை அதே பிள்ளை கேட்டு வாங்கி உண்டிருக்கும். அங்கே உயிருக்கு முகமில்லை. இங்கே முகம் இருந்தது, பெயர் இருந்தது, காலையில் கையருகே வந்து நின்ற ஒரு நினைவு இருந்தது. கொல்லைக்கோழியை உண்ணும் குடும்பம் தான் எதை எடுத்துக்கொள்கிறது என்று அறிந்தே எடுத்துக்கொள்கிறது. அந்த அறிவு கசக்கும். ஆனால் அந்தக் கசப்பில் ஒரு நேர்மை இருக்கிறது.

நாமக்கல் கோழிப் பண்ணைகளின் நீண்ட கொட்டகைகளில் அந்தக் கசப்புக்கு இடமில்லை. ஏ4 தாள் ஒன்றின் பரப்பைவிடக் குறைந்த இடத்தில் ஒரு கோழி நிற்கிறது. இறக்கையை விரிக்க வழியில்லை, புழுதி இல்லை, அடைகாக்க மறைவு இல்லை. இந்திய சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் முட்டைக்கோழிகளும் கறிக்கோழிகளும் வாழும் நிலையை எடுத்துப் பேசி, அவற்றின் பராமரிப்புக்கு விதிகளை முன்வைத்தது. அந்தக் கொட்டகைகளைப் பழித்துவிட்டு நகர்வதும் நியாயமன்று. பள்ளிச் சத்துணவில் ஏழைப் பிள்ளையின் தட்டுக்கு வரும் முட்டை அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பிள்ளையின் உடம்பில் ஏறும் வலுவும் உண்மை. பண்ணை நடத்துபவர் கொடியவரும் அல்லர், முட்டை வாங்கும் நாம் கல்நெஞ்சரும் அல்லோம். நம் அனைவருக்கும் இடையில் தூரம் ஒன்று வளர்ந்துவிட்டது. எவருடைய கண்ணும் எந்தக் கோழியின் கண்ணையும் சந்திக்கத் தேவையில்லாத ஒரு தூரம். முட்டையின் விலை குறைந்திருப்பதற்கு அந்தத் தூரமும் ஒரு காரணம். கண்டிருந்தால் செலுத்த வேண்டியிருந்ததைக் காணாமலேயே மிச்சம் பிடித்துவிட்டோம்.

உலகத்துப் பெருங்கொடுமைகளுக்கு வெறுப்பைக் காரணம் காட்டுவது நம் வழக்கம். வெறுப்பவனாவது தன் எதிரியை உற்றுப் பார்க்கிறான். பெயர் சொல்லிச் சபிக்கிறான். வெறுப்பைவிடப் பரந்து கிடப்பது பாராமை. வீட்டைப் பெருக்க வருபவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று கேளாமலே ஆண்டுகள் போகின்றன. நாம் குடியிருக்கும் கட்டடத்தைச் செங்கல் செங்கல்லாய் எழுப்பியவர்கள் நமக்குக் கூலியாட்கள் என்ற பன்மை மட்டுமே. முதியோர் இல்லத்துக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்பும் பிள்ளைக்குத் தாயின் முகத்தில் புதிதாக விழுந்த சுருக்கம் தெரியாது. இவர்களில் யாரும் யாரையும் வெறுக்கவில்லை. மொத்தமாகப் பார்க்கும் கண் எவருக்கும் கடன்படாமல் தப்பித்துக்கொள்கிறது. ஒருவரையும் தனித்தனியே காணாதவரை, யாருக்கும் எதுவும் செய்யாததற்காக நம் மனம் நம்மைக் கேள்வி கேட்பதில்லை.

அறிவு சுதந்திரத்தைத் தரும் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பொருள்களைப் பற்றிய அறிவுக்கு அது பொருந்தும். உயிர்களைப் பற்றிய அறிவு வேறு வகையானது. அது நம்மைக் கட்டுகிறது. ஓர் உயிரை அதன் நடையால், குரலால், பிடிவாதத்தால் தனித்து அறிந்துகொண்ட பிறகு, அதை அறியாதவர்போல் நடந்துகொள்ள இயலாத நிலைக்கு நாம் வந்துவிடுகிறோம்; அந்த இயலாமையையே முன்னோர் அறம் என்று கொண்டிருக்க வேண்டும். அறம் நூல்களில் விதியாகப் பிறந்து பிறகு வாழ்க்கைக்கு இறங்கி வந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது, யாரோ ஒருவர் கூட்டத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்கி, இது மற்றதைப் போன்றதன்று என்று உணர்ந்த கணத்தில் பிறந்து, அதன்பின் நூல்களுக்கு ஏறியிருக்க வேண்டும். எல்லா உயிரையும் நம்மால் அப்படி அறிய முடியாது, ஆயுள் போதாது. ஆயினும் ஒன்றை முழுதாக அறிந்த மனம், அறியாத கோடிகளுக்கும் இதேபோல் முகம் உண்டு என்பதை இனி மறுக்க முடியாது. கொல்லையில் வளரும் நாலைந்து பறவைகள் நமக்குக் கற்றுத்தருவது இதுதான்: பார்க்காமல் இருந்தவரை நாம் குற்றமற்றவர்களாக இருக்கவில்லை, கணக்குப் பார்க்கப்படாதவர்களாக மட்டுமே இருந்தோம், பார்க்கத் தொடங்கியதும் கடனும் தொடங்குகிறது, அதைத் தீர்க்க முயல்வதற்குப் பெயர்தான் வாழ்தல்.