யாருக்காக வளர்ந்தது அந்த மீன்?

வட்டகொடை மலைச்சரிவில் பெய்யும் மழை எங்கே போய்ச் சேருகிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா, வாசகர்களே? தேயிலை மலையின் கான்களில் ஓடி, ஓடையாகி, அது கொத்மலை ஓயாவில் விழுகிறது. பின்னர் மகாவலி கங்கை. பொல்கொல்லையில் ஒரு பங்கு வேறு திசைக்குத் திருப்பப்பட, எஞ்சிய நீர் கண்டிக்கு அப்பால் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் போய் நிற்கிறது. 1985இல் திறக்கப்பட்ட அந்த அணையின் உயரம் 122 மீற்றர்.

அதே பெயர் தாங்கிய இன்னொரு நீர்ப்பரப்பு ஆபிரிக்காவில் உண்டு. அது அணை கட்டித் தேக்கியதன்று. இயற்கை தந்த ஏரி. அந்த ஏரியில் மனிதன் செய்த ஒரு காரியம் நம் ஒவ்வொருவரையும் நோக்கி ஒரு கேள்வியை எழுப்புகிறது. நன்மை என்று எண்ணிச் செய்யும் ஒரு செயல் உண்மையிலேயே நன்மைதானா என்பதை எதைக் கொண்டு அளப்பது?

இலங்கையை விழுங்கும் ஏரி

விக்டோரியா ஏரியின் பரப்பு ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீற்றர். நம் இலங்கைத் தீவு முழுவதும் 65,610 சதுர கிலோமீற்றர்தான். பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை அத்தனையும் அந்த ஏரிக்குள் அடங்கிவிடும்! நன்னீர் ஏரிகளுள் பரப்பளவில் உலகில் இரண்டாவது அது. தன்சானியா, உகண்டா, கென்யா ஆகிய மூன்று நாடுகள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 1,135 மீற்றர். நம் அட்டன் நகரைவிடச் சற்றே தாழ்வு. இத்தனை பரந்திருந்தும் ஆழம் குறைவு. சராசரி 40 மீற்றர் அளவே. அதற்கு வரும் நீரில் பெரும்பகுதி அதன் மேலேயே பெய்யும் மழை. வெளியே செல்லும் ஒரே வழி ஜின்ஜா நகரருகே புறப்படும் நைல் நதி.

1858இல் ஜோன் ஸ்பீக் என்ற ஆங்கிலேயர் அங்கு வந்து தம் மகாராணியின் பெயரைச் சூட்டினார். அதற்கு முன்னரே கரையோர மக்கள் தங்கள் தங்கள் மொழிகளில் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது.

கரையோரச் சதுப்புகளில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பப்பிரசுக் கோரை. அதற்குள் நீர்யானை, முதலை, நீர்நாய். சேற்றில் நடப்பதற்கென்றே நீண்ட குளம்பு படைத்த ஒருவகை மான். மரத்தின் உச்சியில் மீன்பிடிக் கழுகு. ஆனாலும் அந்த ஏரியின் தனிப்பெருஞ் செல்வம் அதன் சிறுமீன்களே. நாம் உண்ணும் திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்த அவற்றுள் ஏறத்தாழ ஐந்நூறு இனங்கள் அங்கு வாழ்ந்தன. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. பாறைப் பாசியைச் சுரண்டித் தின்பது ஓரினம். நத்தையின் ஓட்டை நொறுக்கித் தின்பது இன்னோரினம். பிற மீன்களின் செதிலையே கடித்துத் தின்பது வேறோரினம். தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரி வற்றிப்போயிருந்தது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அப்படியாயின் இத்தனை வகையும் அதன் பின்னர் பெருகியவையே. என்னே அற்புதம்!

வந்தது ஒரு பெரிய மீன்

இந்தச் சிறுமீன்களால் என்ன பயன் என்று கேட்டார்கள் அன்றைய அதிகாரிகள். முள் அதிகம், சதை குறைவு, விலையும் இல்லை. இவற்றைத் தின்று கொழுக்கும் பெரிய மீன் ஒன்றை விட்டால் என்ன? 1950களிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வேறு ஏரிகளிலிருந்து நைல் கொடுவா கொண்டுவந்து விடப்பட்டது. நம் கடலில் கிடைக்கும் கொடுவாவின் உறவு அது. இரண்டு மீற்றர் நீளமும் 200 கிலோ எடையும் வரை வளரக்கூடியது. இது வேண்டாத வேலை என்று 1960இலேயே ஜெப்ரி பிரையர் என்ற உயிரியலறிஞர் எழுத்தில் எச்சரித்தார். அவர் சொல் எடுபடவில்லை.

இருபது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. 1980களில் கொடுவா திடீரெனப் பெருகியது. சிறுமீன்களில் சுமார் இருநூறு இனங்கள் அற்றுப்போயின என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பாசியைத் தின்ற மீன்கள் மறைந்தன. மலைச்சரிவுகளிலிருந்து மண்ணும் உரமும் ஏரியில் வந்து சேர்ந்தன. பாசி பெருகிற்று, அது அழுகியதால் ஆழ்நீரில் உயிர்க்காற்று குன்றிற்று. சிறுமீனை வெயிலில் உலர்த்தலாம். கொழுப்பு மிகுந்த கொடுவாவைப் புகையிலிட்டே பதப்படுத்த வேண்டும். அதற்கு விறகு தேவை. கரையோர மரங்கள் வெட்டப்பட்டன. மரம் போன இடத்தில் மண்ணும் கரைந்தது.

மறுபக்கத்தையும் நேர்மையோடு சொல்லவேண்டும். பிடிபட்ட மீனின் அளவு பன்மடங்கு பெருகியது. தொழிற்சாலைகள் எழுந்தன, பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது, அந்நியச் செலாவணி வந்தது. ஆனால் முள் நீக்கிய சதைத் துண்டங்கள் விமானமேறி ஐரோப்பாவுக்குச் சென்றன. கரையோர ஏழைகளுக்கு மிஞ்சியவை தலையும் எலும்பும். அவற்றைப் பொரித்து விற்பதே ஒரு தொழிலாயிற்று.

முதல்தரத் தேயிலை பெட்டியிலேறிக் கப்பலுக்குப் போக, தூசித் தூள் லயத்துக் கேத்தலில் கொதித்த கதையை அறிந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

புதியது எல்லாம் தீயதா?

அப்படியானால் வெளியிலிருந்து வருவதெல்லாம் தீங்கு என்று முடிவுகட்டலாமா? கூடாது. திலாப்பியாவும் ஆபிரிக்க மீன்தான். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நம் நாட்டில் இயற்கையான பெரிய ஏரிகள் இல்லை. நம் சொந்த மீன்களுட் பல ஓடும் ஆற்றுக்குப் பழகியவை. குளங்களின் தேங்கிய நீரில் அவை பெரிதாகப் பெருகவில்லை. காலியாயிருந்த அந்த வீட்டில் திலாப்பியா குடியேறிற்று. இன்று குளத்தோரத்து ஏழைக் குடும்பங்களின் கறிச்சட்டியில் வேகும் மீன் பெரும்பாலும் அதுவே. அதனால் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. எனினும் அது பசியாற்றிற்று. மாறாக, 1880களில் துரைமார் நுவரெலியா ஓடைகளில் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன், அவர்களின் தூண்டில் விளையாட்டுக்காகவே வந்தது.

தேயிலையும் இம்மண்ணுக்குப் புதியதே. அதற்காகக் கடல் கடந்து வந்த நம் முன்னோரும் புதியவர்களே. இங்கே ஓர் எச்சரிக்கை. மீனைப் பற்றிய பேச்சை மனிதர்மீது பொருத்துவது பெரும் பிழை. 'நீ வந்தேறி' என்ற ஒரே காரணத்தால் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான உழைப்பாளரை நாடற்றவராக்கிற்று. அந்தக் காயத்துக்குச் சட்டம் முழுமையாக மருந்திட 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. வந்தவர் என்பது குற்றமன்று. மீன்கூட ஒரு பாவமும் அறியாது, பசித்தது, தின்றது. பொறுப்பு அதைக் கொண்டுவந்து விட்ட கையினுடையது.

மூன்று கேள்விகள்

ஆகவே எந்தத் திட்டத்தையும் எடைபோட மூன்று கேள்விகளைக் கேட்கலாம். தீர்மானித்தவர் யார்? அந்த ஏரியில் வலை வீசி வாழ்ந்தவர்கள் கையில் அத்தீர்மானம் இருக்கவில்லை. பலன் யாரைச் சேர்ந்தது? உண்டாக்கிய செல்வத்தின் அளவை மட்டும் சொல்வது பாதிக் கணக்கே. யார் தட்டில் சதை, யார் தட்டில் முள் என்பது மீதிக் கணக்கு. மூன்றாவது, தவறிவிட்டால் திரும்பப் பெற முடியாதது எது? பணம் போனால் உழைத்துத் தேடலாம். கொடுவா அளவுமீறிப் பிடிக்கப்பட்டுக் குறைந்த பின்னர், ஒளிந்து பிழைத்த சில சிறுமீன் இனங்கள் மறுபடி தலைகாட்டின என்பது ஆறுதலான செய்தி. ஆனால் அற்றுப்போன இனத்தை எந்தப் பணமும் மீட்காது.

ஒரே மீன் போதாதா, ஐந்நூறு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் புனித தோமா அக்குவினார் பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே விடை கூறியிருக்கிறார். இறைவனின் நன்மையை ஒரு படைப்பு மட்டும் தனித்து எடுத்துக்காட்ட இயலாது. அதனாலேயே படைப்புகள் பலவாகவும் வெவ்வேறாகவும் அமைந்தன என்பது அவர் கருத்து. 'பயனற்றது' என்று நாம் சொல்லும்போது, 'எனக்கு இப்போது பயனற்றது' என்பதுதானே பொருள்?

கென்யாவின் கெரிச்சோ மலைகளிலும் தேயிலை விளைகிறது. அங்குள்ள மலையோடைகள் அந்த விக்டோரியாவில் கலக்கின்றன. நம் ஓடைகள் இந்த விக்டோரியாவில். அங்கே கொழுந்தெடுக்கும் சகோதரியும் இங்கே கொழுந்தெடுக்கும் சகோதரியும் ஒரே பாடத்தைப் படிக்கவேண்டியவர்கள். 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் இயங்கத் தொடங்கியது. அதற்காக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்ததையும், சென்கிளையர் அருவி மெலிந்ததையும் கண்டவர்கள் நீங்கள். மின்சாரம் வேண்டும், மறுப்பதற்கில்லை. இனியும் பல திட்டங்கள் வரும். அப்போது கூட்டத்தின் பின்வரிசையில் வாய்மூடி இருந்துவிடாமல், இந்த மூன்று கேள்விகளையும் எழுந்து நின்று கேளுங்கள்.

அதுவரை நம் கையில் இருப்பதையாவது செய்வோம். கானில் எறியும் பொலித்தீன் பையும், ஓடையில் கழுவும் புல்லெண்ணெய்த் தகரமும் கீழே யாரோ ஒருவர் குடிக்கும் நீரில் போய்ச் சேருகின்றன. அவரிடம் நாமும் கேட்டு ஒன்றும் செய்யவில்லை. இன்றிரவு உணவுக்கு அமரும்போது இதைப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.